மாத்திரை போடாத நாள் எப்படிப்பட்ட நாள்?

உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது, தினமும் எடை பார்க்க வேண்டும். இதயச் செயலிழப்போடு எங்கள் வார்டில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வந்து படுப்பவர்களைக் கேட்டால் இந்த நான்கையும் மடமடவென்று ஒப்பிப்பார்கள். தெரியாமல் திரும்பி வருகிறவர்கள் குறைவு. தெரிந்ததைச் செய்ய முடியாமல் போவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் அவர்கள் வாயாலேயே வரும்படி பேசுவதுதான் என் வேலையில் முக்கால் பங்கு.

நான் தென்மாவட்டம் ஒன்றில் இதயநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். டாக்டர் பார்த்து முடித்ததும் நோயாளியோடும் கூட வந்தவரோடும் உட்கார்ந்து பேசுவது என் பொறுப்பு. இங்கே வருகிறவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு வந்து போனதாலோ, பல வருடக் கொதிப்பாலோ, வால்வு கெட்டதாலோ, குடியாலோ இதயத் தசை பலமிழந்து போகும். உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை அதனால் முழுசாகத் தள்ள முடியாது. நீர் தேங்கும், காலில் வீக்கம், வயிற்றில் உப்பல், நுரையீரலில் மூச்சிரைப்பு. நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, ஒழுங்காகப் போட்டால் ஆயுள் கூடுகிறது. ஆனாலும் லேசான நோய் இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013இல் 18 மருத்துவமனைகளில் இந்த நோயோடு சேர்ந்த 1205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களின் சராசரி வயது 61. ஐந்து வருடத்துக்குள் 59 விழுக்காட்டினர் இறந்துபோனார்கள். 61 என்பது நம் பக்கத்தில் கடைசிப் பிள்ளைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற வயது.

மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர் முன்னால் உட்காருவது சில நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் அடுப்படியிலும் பஸ்ஸிலும் வயலிலும் கல்யாண வீட்டிலும் கழிகிறது. நோய் கூடுவதா குறைவதா என்பதில் பெரும்பகுதி அங்கேதான் முடிவாகிறது.

நம் ஊரில் அக்கறை பெரும்பாலும் திட்டாகத்தான் வெளியே வரும். "எத்தன தடவ சொல்றது, ஊறுகா பாட்டிலத் தொடாதீங்கன்னு" என்று மருமகள் சொல்வாள். ஆஸ்பத்திரிக்கு வந்தால் நாங்களும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்வோம். கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போவார், இல்லையென்றால் எதிர்வாதம் செய்வார். "எங்கப்பா கடைசி வரைக்கும் கருவாடு இல்லாமச் சாப்பிட்டதில்ல, தொண்ணூறு வயசு இருந்தாரு." அந்த இடத்தைக் கவனியுங்கள். மாறாமல் இருப்பதற்கான காரணங்களை அவர் வாய்விட்டு அடுக்குகிறார். அடுக்க அடுக்க அவர் மனசில் அதுதான் உறுதிப்படுகிறது. நாம் அழுத்திச் சொல்லச் சொல்ல அவர் எதிர்ப்பக்கமாகவே போகிறார்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் குடிநோயாளிகளோடு பழகி இதைக் கண்டுகொண்டு 1983இல் கட்டுரையாக எழுதினார். பின்னால் ஸ்டீபன் ரோல்னிக்கும் அவரோடு சேர்ந்து இந்த முறையை வளர்த்தார். மாறுவதற்கான காரணத்தை ஆலோசகர் சொன்னால் ஒட்டாது, நோயாளியே சொன்னால் ஒட்டும் என்பது அதன் அடிப்படை. ஊக்குவிப்பு ஆலோசனை என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். பெயரைக் கேட்டால் மேடையில் ஏறி உற்சாகமாகப் பேசுவதுபோலத் தோன்றும். உண்மையில் இந்த முறையில் நான் குறைவாகப் பேசுகிறேன், அவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள்.

ஒரு பெரியவர். வயது எழுபதை நெருங்கும், ஓய்வுபெற்ற மில் தொழிலாளி. மூச்சிரைப்போடு அடிக்கடி வந்து அட்மிட் ஆவார். "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா ஐயா?" என்று யார் கேட்டாலும் "போடுறம்மா" என்பார். அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. போடவில்லை என்று சொன்னால் திட்டு விழும் என்பது அவருக்குத் தெரியும். நான் கேள்வியை மாற்றினேன். "மாத்திரை போட முடியாமப் போற நாள் எல்லாருக்கும் வரத்தான் செய்யும். உங்களுக்கு அது எப்படிப்பட்ட நாளா இருக்கும்?"

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ஊருக்குப் போற நாளு அந்த நீர் மாத்திரையப் போடுறதில்ல. அதப் போட்டா அர மணி நேரத்துல முட்டிக்கிட்டு வருது. பஸ்ல ஏறிட்டா எங்க இறங்குறது? கண்டக்டர்கிட்ட எத்தன தடவ நிப்பாட்டச் சொல்ல முடியும்?"

கேட்டுப் பார்த்தபோது, நிலத்தகராறு ஒன்றுக்காக அவர் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தது தெரிந்தது. மகள் வீடும் வெளியூர். ஊருக்குப் போகிற நாள் வாரத்தில் பல நாள். நீர் மாத்திரை போடாத நாட்களும் அத்தனை. இது சீட்டு எழுதும் டாக்டருக்கும் தெரியாது, மாத்திரை எடுத்துக்கொடுக்கும் மகனுக்கும் தெரியாது.

"வழியில இறங்க முடியாதுன்னுதான் விடுறீங்க. மத்தபடி மாத்திரை மேல உங்களுக்கு வெறுப்பு இல்ல" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். "வெறுப்பு என்னத்த? அதப் போட்டாத்தான் ராத்திரி மல்லாந்து படுக்க முடியுது" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இத்தனை பேச்சும். மாத்திரையின் பலனை நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு, "அப்ப ஊருக்குப் போற நாளுக்கு என்ன பண்ணலாம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். திரும்பி வந்து சாயங்காலம் போட்டால் ஆகாதா என்று அவரே கேட்டார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். நேரத்தை நகர்த்திக்கொள்ளலாம், விட்டுவிடக் கூடாது, ராத்திரி தூக்கம் கெடாதபடி ரொம்பப் பிந்தாமல் போட்டால் போதும் என்றார். அவ்வளவுதான் தீர்வு. பொதுவாகக் காலையில் போடச் சொல்வதே நாள் முழுக்கச் சிறுநீர் போக வசதி என்பதால்தான். அந்த வசதி இல்லாத நாளுக்கு வேறு நேரம் பார்த்துக்கொள்ளலாம். இது எல்லா மாத்திரைக்கும் பொருந்தாது, அதனால் டாக்டரைக் கேட்காமல் யாரும் நேரம் மாற்ற வேண்டாம்.

பெண்களிடம் இதே பேச்சு வேறு திசையில் போகிறது. ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர். ஆறு பேருக்கு அவர்தான் சமைக்கிறார். உப்பைப் பற்றி எடுத்ததுமே, "எனக்குன்னு தனியா உலை வைக்கச் சொல்றீங்களா சிஸ்டர்? சப்புன்னு இருந்தா அவுக தட்டத் தள்ளி விட்டுட்டு எந்திரிச்சிருவாக" என்றார். ஆண் நோயாளிக்கு உப்புக் குறைக்க மனைவி இருக்கிறாள். மனைவியே நோயாளி என்றால் வீட்டின் நாக்கெல்லாம் அவள்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எங்கள் கையேடுகளில் இந்த நிலைமைக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

அவரிடம் ஒன்று கேட்டேன். "உப்பக் குறைக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியமாத் தோணுது? பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"நாலு."

"நாலு போட்டிருக்கீங்களே, ஏன் ஒண்ணு ரெண்டு போடல?"

இந்தக் கேள்வியின் அருமை கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். "ஏன் எட்டு போடல?" என்று கேட்டிருந்தால் முடியாததற்கான காரணங்களாக வந்து விழுந்திருக்கும். ஏன் குறைவாகப் போடவில்லை என்று கேட்டால், முக்கியம்தான் என்பதற்கான காரணங்களை அவரே தேடிச் சொல்லியாக வேண்டும். அந்த அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "பங்குனிப் பொங்கலுக்குக் கோயிலுக்கு நடந்து போயிப் பொங்க வைக்கணும். போன வருசம் பாதி வழியில மூச்சு வாங்கி ஆட்டோல ஏத்திக் கொண்டு விட்டாக. அவ்வளவு ஜனத்துக்கு முன்னாடி." அதோடு நிறுத்திக்கொண்டார். நானும் உடனே எதுவும் பேசவில்லை. அப்புறம், "குழம்புக்கு உப்ப இறக்குற சமயத்துல போட்டா, எனக்கு முதல்லயே ஒரு கரண்டி எடுத்து வச்சிரலாம்ல?" என்று தானாகக் கேட்டார்.

எடுத்து வைக்கலாம். தென்மாவட்டச் சமையலில் இது நன்றாகவே நடக்கும். சோற்றுக்கு உலையில் உப்புப் போடாமல் விட்டால் யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. மிளகு, சீரகம், பூண்டு, எலுமிச்சை இருந்தால் தனக்கு எடுத்த குழம்பில் உப்பு குறைந்ததை ஓரளவு மறக்கலாம். எதை விடுவது என்பதையும் அவரையே சொல்லச் சொன்னேன். ஊறுகாயையும் அப்பளத்தையும் மோர் மிளகாயையும் விட்டார். கருவாட்டை மட்டும் விடமாட்டேன், எப்பவாவது ஒருநாள் வேண்டும் என்றார். சரி என்றேன். தானாக விட்ட மூன்று, நான் பிடுங்கிய நான்கைவிட நீண்ட நாள் நிற்கும்.

உப்பு விஷயத்தில் ஆய்வுகளும் எங்களைக் கொஞ்சம் நிதானப்படுத்தியிருக்கின்றன. ஆறு நாடுகளில் 806 பேரிடம், சோடியத்தை நாளுக்கு 1500 மில்லிகிராமுக்குள் கொண்டுவர முயன்ற ஒரு பெரிய ஆய்வு 2022இல் வெளியானது. இறப்பும் மருத்துவமனை சேர்க்கையும் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. நெதர்லாந்தில் நடந்து 2025இல் வந்த இன்னொரு ஆய்வு, உடல்நிலை நிலையாக இருக்கும் வெளிநோயாளிகளுக்குத் தண்ணீரை ஒன்றரை லிட்டருக்குள் கட்டுப்படுத்துவதால் பெரிய நன்மை இல்லை, தாகம்தான் கூடுகிறது என்று காட்டியது. இதை வைத்து இஷ்டத்துக்கு உப்புப் போடலாம், குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்கும் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்குமே சொல்லும் அளவு. நம் வீடுகளில் அதைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் உப்பே இல்லாத சோற்றைத் தின்னச் சொல்லி ஒருவரை வாழ்க்கையே வெறுக்க வைக்கத் தேவையில்லை. தண்ணீர் அளவை டாக்டர் ஆளைப் பார்த்துச் சொல்வார். அளவு சொல்லியிருந்தால், காலையில் அந்த அளவுக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, டீயோ மோரோ ரசமோ குடிக்கும்போதெல்லாம் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுவது எளிய கணக்கு.

சில விஷயங்களை நாமே சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது, பிறகு "இதப் பத்தி ஒண்ணு சொல்லலாமா?" என்று அனுமதி வாங்கிச் சொல்வது, சொன்னதும் "கேட்டதும் என்ன தோணுது?" என்று அவரிடமே விடுவது. வயதில் மூத்தவரிடம் இளையவர் அனுமதி கேட்டுப் பேசுவது நம் பழக்கத்துக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. அப்படிக் கேட்டால் வேண்டாம் என்று சொன்னவர் அரிது.

முழங்கால் வலி உள்ள ஒருவரிடம், வலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மெடிக்கலில் சொன்னால் ரெண்டு மாத்திரை தருவார்கள், போட்டால் சட்டென்று கேட்கும் என்றார். அனுமதி வாங்கிக்கொண்டு சொன்னேன்: டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் படுத்தும், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. என்ன தோன்றுகிறது என்றேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "போன தடவ இங்க வந்து படுத்தம்ல, அதுக்கு முந்துன வாரம் பூரா அதத்தான முழுங்குனேன்?" என்றார். அந்த முடிச்சை அவரே போட்டுக்கொண்டதால் நான் அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வலிக்கு வேறு மாத்திரை என்ன போடலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

இதே முறையில் நான் சொல்லும் இன்னும் சில: இந்துப்பும் உப்புதான், அதிலும் சோடியம்தான் இருக்கிறது. வயிறு மந்தம் என்று தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பொங்கும் பொடிகளிலும் சோடியம் நிறைய. கடையில் 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். இதய மாத்திரைகளில் சில ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டுபவை. அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் அந்த உப்பையும், தினமும் இளநீர் குடிப்பதையும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

எடை பார்ப்பது எங்கள் பக்கத்தில் கொஞ்சம் சிக்கல். காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடுப்போடு ஏறி நிற்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையில்லை, நீர், உடனே கூப்பிட வேண்டும். சொல்வது எளிது, பல வீடுகளில் எடை மெஷின் இல்லை. வாங்க முடிந்தவர்களை வாங்கச் சொல்கிறேன். முடியாதவர்களிடம், "உடம்புல நீர் ஏறுறது முதல்ல எங்க தெரியும் உங்களுக்கு?" என்று கேட்கிறேன். கிடைக்கும் பதில்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காதவை. அரைஞாண் கயிறு இறுக்கும் என்றார் ஒரு விவசாயி. மெட்டி கழலாது, கொலுசு பதிந்து தடம் விழும் என்று பெண்கள் சொல்கிறார்கள். செருப்பு வாரின் தடம் சாயங்காலம் வரை போகாது. ஒரு தலையணை போய் இரண்டாகும், இரண்டு போய் சுவரில் சாய்ந்து உட்காரும்படி ஆகும். நாலு வாய் தின்றதும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். இவை அத்தனையும் நம்பத்தக்க அறிகுறிகள். அவரவர் சொன்ன அறிகுறியையே அவரவர் தினமும் காலையில் பார்க்கும் வேலையாக வைத்துவிட்டால் மறப்பதில்லை. கூடவே, கணுக்காலுக்கு மேலே எலும்பின்மேல் விரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். மாதக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எடையையோ, குழி விழுந்தால் ஒரு பெருக்கல் குறியையோ போடச் சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதைச் சரியாகச் செய்கிறார்கள்.

வீட்டாரைத் தனியாகக் கவனிக்காமல் இந்த வேலை முடியாது. ஒரு மகன், முப்பது வயதிருக்கும், அப்பா எதிரிலேயே, "சொன்னாக் கேக்கவே மாட்டேங்கிறாரு சிஸ்டர், நீங்களே நாலு வார்த்த சத்தம் போடுங்க" என்றான். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகனிடம், "உங்களுக்கு எதுப்பா பயமா இருக்கு?" என்று கேட்டேன். அவன் இதை எதிர்பார்க்கவில்லை. மழை நாள் ஒன்றில் நடுராத்திரி அப்பாவுக்கு மூச்சு முட்டியதையும், ஆம்புலன்ஸ் வரும்வரை முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொன்னான். "அதுலருந்து ராத்திரி ரெண்டு தடவ எந்திரிச்சு மூச்சு வருதான்னு பாத்துட்டுத்தான் படுக்குறேன்." அப்பாவுக்கு அது அதுவரை தெரியாது. அவனைத் திரும்பிப் பார்த்து, "அப்படியாடா?" என்றார். அதுவரை திட்டாகவே கேட்டுக்கொண்டிருந்த எல்லாம் அந்த நிமிடம் அவருக்கு வேறாகப் பட்டிருக்க வேண்டும். அன்றைக்கு நான் எதைப் பற்றியும் ஆலோசனை சொல்லவில்லை. காலையில் எடை பார்ப்பது அப்பா வேலை, காலண்டரில் குறிப்பது மகன் வேலை என்று அவர்களே பிரித்துக்கொண்டு போனார்கள்.

இத்தாலியில் 510 நோயாளிகளையும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களையும் சேர்த்து நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. ஒரு பிரிவில் நோயாளிக்கு மட்டும் ஊக்குவிப்பு ஆலோசனை, இன்னொன்றில் வீட்டாருக்கும் சேர்த்து, மூன்றாவதில் வழக்கமான கவனிப்பு மட்டும். நேரில் ஒரு தடவை பேசி, அதன் பிறகு போனில் தொடர்ந்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, தன்னைத் தானே போதுமான அளவு கவனித்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவர்கள் முதல் இரண்டு பிரிவிலும் சுமார் 18, 19 விழுக்காடு, மூன்றாவதில் சுமார் 9. இரட்டிப்புதான். ஆனாலும் ஐந்தில் நான்கு பேர் அந்த நிலைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பேசிவிட்டால் எல்லாரும் மாறிவிடுவார்கள் என்று நினைத்து இந்த வேலைக்கு வருகிற இளம் செவிலியர்கள் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள். அவர்களுக்கு இந்த எண்களை நான் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

"எல்லாம் தலையெழுத்து, போறப்பப் போகட்டும்" என்கிறவர்கள் உண்டு. அப்படிச் சொன்னதும் "அப்படிச் சொல்லக் கூடாது ஐயா" என்று வாயை அடைப்பதுதான் நமக்கு முதலில் வரும். அதை அடக்கிக்கொண்டு, "ரொம்ப அலுத்துப்போச்சு உங்களுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். சிலர் அதற்குமேல் பேசமாட்டார்கள். சிலர், புள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேன், மாத்திரைக் காசுக்கு வட்டிக்கு வாங்குகிறார்கள் என்று அப்போதுதான் உடைத்துச் சொல்வார்கள். காசுதான் தடை என்றால் பேச்சு உதவாது. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைகளுக்கு டாக்டரை மாற்றி எழுதச் சொல்ல வேண்டும், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனச்சோர்வு இந்த நோயாளிகளுக்கு அடிக்கடி வருகிறது. தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாக வேண்டும் என்ற பேச்சு வருகிறது என்றால் அதை அலுப்பு என்று தள்ளாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

நேரம் எங்கே இருக்கிறது என்று சக செவிலியர்கள் கேட்பார்கள். ஓபி நாளில் வரிசை வராண்டா தாண்டி நிற்கும். நான் தனியாக நேரம் தேடுவதில்லை. பிரஷர் பார்க்கப் பட்டையைச் சுற்றும்போது ஒரு கேள்வி, ஈசிஜி எடுத்து முடித்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளும்போது இன்னொன்று. ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். எதைப் பற்றிப் பேசலாம் என்று அவரே எடுக்கட்டும். உப்பு, தண்ணீர், மாத்திரை, நடை, பீடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் வாசல் தாண்டும்போது ஒன்றும் மிஞ்சாது. முடிக்கும்போது, "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை, அதற்கு எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவீங்க, எங்கிட்டச் சொல்லிக் காட்டுங்க" என்பேன். டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர்களுக்கு முதல் வாரத்துக்குள் ஒரு போன் கட்டாயம் போடுகிறேன். கம்பெனி மாறி மாத்திரையின் நிறம் மாறியதும், பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருப்பதும் அந்தப் போனில்தான் தெரியவரும். திரும்ப அட்மிட் ஆகி வருகிறவரிடம் "மறுபடியுமா?" என்று கேட்பதில்லை. போன தடவைக்கும் இதற்கும் நடுவில் எது நன்றாகப் போனது என்று கேட்கிறேன். ஒரு மாதம் பீடி தொடாமல் இருந்தேன் என்பார் ஒருவர். அந்த ஒரு மாதம் அவரால் எப்படி இருக்க முடிந்தது என்பதுதான் அன்றைய பேச்சு.

வீட்டில் இந்த நோயாளி இருப்பவர்கள் இதையெல்லாம் செய்து பார்க்கலாம், படிப்பு எதுவும் தேவையில்லை. ஊறுகாய் பாட்டிலை ஒளித்து வைப்பதற்கு முன்னால், "உடம்பு கொஞ்சம் தேறுச்சுன்னா முதல்ல என்ன பண்ணணும்னு ஆசையா இருக்கு?" என்று ஒருநாள் சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். நடுவில் புத்தி சொல்லாதீர்கள்.

ஆனால் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லாத நிலைமைகள் உண்டு. படுக்கவே முடியாமல் உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பது, இளஞ்சிவப்பாக நுரை நுரையாகச் சளி வருவது, நெஞ்சுவலி, மயக்கம், உதடும் விரல்நுனியும் நீலம் பாய்வது, புதிதாகக் குழப்பமாகப் பேசுவது. இதில் எது வந்தாலும் அவர் "விடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்றாலும் கேட்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். மயங்கிவிட்டவரை மட்டும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சுப் பேச்சே இல்லையென்றால் 108இல் பேசுகிறவர் சொல்கிறபடி உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, கடைசியாகப் பார்த்த எடை, எங்கே சிகிச்சை என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட்டோடு ஒரு கவரில் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வைத்துவிடுங்கள். மாத்திரை மாறும்போதெல்லாம் அந்தத் தாளையும் மாற்றி எழுதுங்கள்.